வாசலில் ஏழு ஜோடி

சேரம்பாடி. பத்தாம் நம்பர் லயம்.
மழை விட்டும் தகரம் விடவில்லை, சொட்டுகிறது.
கழுத்தில் அட்டை, கையில் செல்போன்,
செல்போனுக்குள் முப்பத்துச் சொச்சம் கேள்விகள்.
சிக்னல் மட்டும் மாரியம்மன் கோயில் மேட்டில்.

நான் வந்து சேரும் முன்பே
நான் வருகிற சேதி வந்துவிடுகிறது.
முதல் வீட்டு நாய் இரண்டாம் வீட்டுக்குச் சொல்கிறது.
மூன்றாம் வீட்டில் டிவி நிற்கிறது.
நான்காம் வீட்டில் யாரோ அவசரமாகப் பாய் சுருட்டுகிறார்கள்.

"எத்தனை பேர் இருக்கீங்க?"
"நாலு பேரு டீச்சர்."
வாசலில் ஏழு ஜோடி செருப்பு.
அதிலொன்று உள்ளங்கையளவு,
நடந்தால் கீச்சிடுகிற வகை.

காட்டில் கணக்கெடுக்கிறவர்கள்
யானையைத் தேடி அலைவதில்லையாம்,
லத்தியைப் பார்த்தே எண்ணிவிடுவார்களாம்.
எனக்கும் எண்ணத் தெரியும்.
கொடியில் இரண்டு அளவில் பள்ளிச் சீருடை,
கழுவிக் கவிழ்த்த தட்டு ஏழு.
செருப்புக்குத்தான் கட்டம் இல்லை.

"எத்தனை ரூம்?"
புஷ்பராணி திரும்பிப் பார்க்கிறாள்.
குறுக்கே கட்டிய சேலை காற்றுக்கு உப்பி
ஒரு பக்கத்தைப் பெரிதாக்குகிறது,
பிறகு மறுபக்கத்தை.
"சேலை செவரா, இல்லியா?
நீங்களே சொல்லுங்க டீச்சர்."
பயிற்சியில் இதைச் சொல்லித்தரவில்லை.
சிரித்த முகமாக இருங்கள் என்றார்கள். இருந்தேன்.

"பிறந்த ஊர்?"
இந்தக் கேள்விக்குத்தான் கதவில் கை வைத்தாள்.
"எதுக்கு?"
"சும்மா, கணக்குக்கு."

"கணக்குக்குன்னுதான் அங்கயும் வந்தாங்க.
அட்டன்ல அப்பா பிரட்டுக்கு நின்ன எடத்துல
மேசை போட்டுப் பேர் பதிஞ்சாங்க.
இத்தன உசுரு அவங்களுக்கு,
இத்தன உசுரு இவங்களுக்கு.
பதிஞ்ச பேரையெல்லாம் கப்பல்ல ஏத்திட்டாங்க.
எனக்கு மூணு வயசு.
பதிய வராம கொழுந்துக்குப் போன சித்தப்பா
இன்னும் அங்கதான் இருக்காரு."

நிறுத்துவாள் என்று பார்த்தேன். நிறுத்தவில்லை.
கக்கூஸ் இருக்கான்னு கேட்டு எழுதினாங்க,
எங்களை நிக்கவச்சு போட்டோ எடுத்தாங்க, கக்கூஸ் வரல.
ஃபாரஸ்ட்டு வந்து அளந்துச்சு, வேலி வந்துச்சு.
ரிட்டயர் ஆன தேதி கேட்டாங்க,
சொன்னேன்,
வீட்டைக் காலி பண்ணுன்னு காகிதம் வந்துச்சு.
"கேட்டுட்டுப் போனவன் ஒருத்தனாச்சும் திரும்பி வந்து
'சும்மாத்தான் கேட்டேன்'னு சொல்லியிருக்கானா?"

சேலைக்கு அந்தப் பக்கம் ஒரு தும்மல்.
சின்னத் தும்மல்.
அது யாருடையதும் இல்லை என்று
இரண்டு பேரும் பேசாமலே முடிவு செய்தோம்.

நாலு.
கீழே ஒரு வரி:
மேற்கண்டவை உண்மையென உறுதியளிக்கிறேன்.
விரல் ஈரம், திரை ஏற்கவில்லை.
முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி தொட்டேன்.

சுவரில் எண் எழுத இடம் தேடினேன்.
போலியோ சொட்டு மருந்துக்காரர் எழுதியது,
வாக்காளர் பட்டியலுக்கு எழுதியது,
யார் எதற்கு எழுதினார் என்றே தெரியாத ஒன்று.
இடுக்கில் சாக்கட்டியால் என்னுடையது.
"மழைக்கு நிக்குமா டீச்சர்?"
"நிக்காது."
"அப்பச் சரி."
அதற்குப் பிறகுதான் டீ தந்தாள்.

கூடலூர் வந்து சேர எட்டரை.
பட்டா கேட்டு அப்பா போட்ட மனுவுக்கு
என் வயதாகும் வீடு.
ஷைலஜா டீச்சரிடமிருந்து செய்தி:
'நாளைக்கு உங்க தெரு. ஒன்பதுக்கு வந்துடுவேன்.'

வந்து பதினோரு நாளாகிறது அக்கா,
ஒரு பையோடும் தூங்கிக்கொண்டிருந்த மகனோடும்.
அவள் இங்கே இருப்பது
மாமாவின் வக்கீலுக்கு இன்னும் தெரியாது.
ஷைலஜா நல்லவள். என் பக்கத்து மேசை.
கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்:
சும்மா, கணக்குக்கு.

விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன்.
எழுந்து போய்
சத்தமில்லாமல் தாழ்ப்பாளை விலக்கி
வாசலிலிருந்து இரண்டு ஜோடியை
உள்ளே எடுத்து வைத்தேன்.