மூன்றாவது பல்

பேருந்தில் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில்
இரும்புச் சட்டம் ஒன்று உண்டு.
அதில் எட்டுப் பற்கள்.
வேலைக்குச் சேர்ந்தபோது மூன்றாவது பல்லில் உட்கார்ந்தேன்.
போன தீபாவளிக்கு ஏழாவது.
எனக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே
டிக்கெட் எடுக்காமல் ஏறிக்கொண்ட ஆள்போல
என் வயிறு.

பிரேக்கைக் கால் சரியாக எட்டவில்லை என்றால்
சிரிப்பீர்கள்.
பாலிக் பூலாவ் மலையிறக்கத்தில், மழையில்,
கால்விரல் நுனியால்
நாற்பது பேரைப் பிடித்து நிறுத்தினேன்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜெலுத்தோங் கிளினிக்கில் தாதி நோராய்னி
என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்கவில்லை,
எப்போது என்று கேட்டாள்.
விடியற்காலை ஐந்துக்கு நாசி லெமாக்.
பத்து மணிக்கு ரொட்டி சானாய், இரண்டு.
மதியம் நாசி கண்டார்,
சோறு தெரியாதபடி குழம்பு.
ஒவ்வொரு நடை முடிவிலும் ஒரு தே தாரிக்.
'ஒரு நாளைக்கு எத்தனை நடை?'
ஆறு என்றேன்.
அவள் எழுதவில்லை. பேனாவை மூடி வைத்தாள்.
நிறுத்தங்களை எண்ணுகிறவன் நான்,
சிவப்பு விளக்கின் விநாடிகளையும் எண்ணுகிறவன்.
கிளாஸ்களை மட்டும் எண்ணியதே இல்லை.

மங்கையர்க்கரசிக்கு பாயான் லெப்பாஸில் வேலை.
பூதக்கண்ணாடிக்குக் கீழே
மயிரிழைக் கம்பிகளில் பிசகு தேடுகிறவள்.
என் கதையைக் கேட்டு அழவில்லை, திட்டவில்லை,
எண்ணெய் போத்தலில் வெள்ளை டேப்பை ஒட்டினாள்.
ராத்திரி சமையல் முடிந்ததும்
எண்ணெய் நிற்கும் மட்டத்தில் ஒரு கோடு, பக்கத்தில் தேதி.
முதல் வாரக் கோடுகள்
ஒன்றுக்கொன்று ஒரு விரல் தூரம்.
மூன்றாவது வாரத்தில் அரிசி மணி அளவு.

கெம்போங் மீன் எண்ணெயில் குளிப்பதை விட்டது.
மஞ்சளும் உப்பும் பூசி
வாழையிலைக்குள் படுத்து, கல்லில் சுட்டுக்கொண்டது.
கங்கோங் கீரைக்கு ஒரு கரண்டி எண்ணெய், நிறைய பூண்டு,
கொஞ்சம் பெலாச்சான். அந்த வாசனை போதும்
பக்கத்து வீட்டுக் கதவு திறக்க.
எனக்கோ மகனின் பழைய தட்டு.
அடியில் ஒரு பூனைப் படம்.
பூனையின் காது தெரிகிறதா, பாதி ஆயிற்று.
மீசை தெரிந்தால்
எழுந்து கை கழுவ வேண்டும்.
முதல் பத்து நாள் அந்தப் பூனையை
நான் வெறுத்ததுபோல்
யாரையும் வெறுத்ததில்லை.

கடைசி நிறுத்தத்தில் பன்னிரண்டு நிமிடம் கிடைக்கும்.
தேநீர்க்கடைக்கு முதுகைக் காட்டி
பேருந்தைச் சுற்றி நடந்தேன்.
'என்னத்தைத் தொலைச்சே?' என்று பூன் ஹோக்
உடைந்த தமிழில் கத்துவான்.
ஒரு நாள் அவனும் பின்னால் நடந்து வந்தான்,
கையில் தே ஓ கோசோங், சீனி இல்லாமல்,
முகம் மட்டும் கஷாயம் குடித்தவன்போல.

ஒரு வெள்ளிக்கிழமை.
சில்லறைக்காக ஒருவன் என் தாயை இழுத்துப் பேசினான்.
வேலை முடிந்து நேரே மூலைக்கடை.
ரொட்டி சானாய் மூன்று, பருப்புக் குழம்பில் மிதக்க.
சாப்பிட்டதே நினைவில்லை,
விரல்களில் நெய் மட்டும் இருந்தது.
வீட்டில் எல்லாரும் தூங்கியிருந்தார்கள்.
அன்றைய கோட்டுக்குப் பக்கத்தில், டேப்பில்,
நானே எழுதினேன்:
'வெளியே. மூன்று ரொட்டி.'

காலையில் பார்த்தால்
அதற்குக் கீழே அவளுடைய பொடி எழுத்து:
'நானும். கேன்டீன். கரிபாப் நான்கு. செவ்வாய்.'
செவ்வாய் முதல் வெள்ளி வரை
அதை எங்கே வைத்திருந்தாளோ.
இருவரும் அதைப்பற்றிப் பேசவில்லை.
அன்று மதியச் சோற்று டப்பாவில்
எலுமிச்சைத் துண்டு ஒன்று கூடுதலாக இருந்தது.

இரவு வண்டியோட்டும் ஹஃபிசுடின் ஒல்லி,
இருக்கையை இரண்டாவது பல்லில் விட்டுப் போவான்.
தினமும் காலையில்
குனிந்து, நெம்பி, பின்னுக்குத் தள்ளுகிறேன்.
க்ளக். க்ளக். இன்று ஐந்தில் நின்றது.

டிக்கெட் எடுக்காத ஆள்
இன்னும் இறங்கவில்லை.
ஆனால்
மணியை அடித்துவிட்டான்.