பெண்: அகப்படவில்லை

நீளம் ஒன்றேகால் மில்லிமீட்டர்.
கசகசாவுக்கு மேலே, எள்ளுக்குக் கீழே
என்று எழுத முடியாது;
எண்ணை மட்டும் எழுதுகிறேன்.

நிறம் பழுப்பு.
சாராயத்தில் எட்டு மாதம் ஊறிய பழுப்பு.
காக்காச்சியில் மழை விட்ட மதியம்
என்ன நிறத்தில் பறந்ததென்று
பார்த்தவர் யாருமில்லை.

பாளையங்கோட்டையில் சித்திரை.
கல்லூரி மாடியில் மின்விசிறியை நிறுத்திவிட்டேன்.
சுற்றினால்
செத்த பிறகும் பறந்துவிடும் இது.
மூச்சைக்கூட முகக்கவசத்துக்குள் வைத்துக்கொண்டு
குனிகிறேன்.

பழைய ஏட்டைப் படியெடுத்தவன் ஒருவன்
மூலத்தில் ஈ ஒட்டிச் செத்திருந்த இடத்தில்
தானும் ஒன்றை அடித்து ஒட்டினானாம்.
இருபது வருஷமாய் அவன் வேலைதான் எனக்கு.
சம்பளமும் உண்டு.

உணர்கொம்பில் பதினாலு கணு.
கடைசிக் கணு குண்டூசித் தலை.
சிறகில் மூன்றாம் நரம்பு
நாலுமுக்கில் பஸ் திரும்புகிற மாதிரி
சட்டென்று ஒடிகிறது.
(இந்த வரியையும் அடித்துவிட்டேன்.)
மற்றபடி அக்கம்பக்கத்து ஈ போலத்தான்.
புதுசு என்பதெல்லாம் வயிற்று நுனியில்:
நறுக்கி, காரத்தில் வேகவைத்து,
கண்ணாடிச் சில்லில் பிசின் விட்டுப் பரப்பி
நாலு நாள் பார்த்தேன்.
எந்த ஆணையும் இவ்வளவு நேரம்
நான் பார்த்ததில்லை.
சாப்பிட்டாயா என்று வீட்டிலிருந்து மூன்று தடவை போன்.

வலை கட்டியவர் பட்டமுத்து.
காலுக்கு உப்புத்துணி, தோளில் மூங்கில்.
பதினெட்டு வருஷம் தேயிலைக்கு மருந்தடித்தவர்.
“அப்போ விழுந்ததுக்கெல்லாம்
பேரு வச்சிருந்தாகளா மேடம்?”
என்று ஒருநாள் கேட்டார்.
அட்டையைப் பிடுங்குவதுபோல்
குனிந்துகொண்டேன்.

இதற்கு உங்கள் பெயர்தான் என்றேன்.
“செத்ததுக்கா எம்பேரு?
உசுரோட ஒண்ணு ஆப்புட்டா
அதுக்கு வைங்க.”

வலைக்குக் கீழே ஓடிய ஓடையின் பெயரைப் போட்டேன்.
ஓடைக்கும் வரைபடத்தில் பெயரில்லை;
வழுக்கோடை என்று அவர் சொன்னதுதான்.

தமிழில் ஓரெழுத்து.
லத்தீனில் இரண்டு சொல்,
அப்புறம் என் பெயர், அப்புறம் வருஷம்.
ஈயைவிட வால் நீளம்.
ஈ என்றால் கொடு என்றும் அர்த்தம்.
இது கொடுக்கவில்லை,
நான் எடுத்தேன்.

படிவத்தில் இன்னும் ஒரு கட்டம்.
நாற்பத்தொரு குப்பியும் சலித்தாயிற்று,
எல்லாவற்றிலும் தேடியாயிற்று.

பெண்: அகப்படவில்லை.

சில்லைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு
மின்விசிறியைப் போட்டேன்.
தாள்கள் படபடத்தன.
மேற்கே மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது.
அங்கே ஏதோ ஓர் இலையின் அடிப்பக்கம்
நனையாமல் இருக்கும்.