படிவத்தில் இல்லாத நிரல்

நாளுக்கு நாற்பது முட்டிக் கள்ளை
நாக்கு நுனியில் தொட்டுத் துப்புகிறவள் நான்.
முழங்காவில் சங்கத்தின்
போத்தல் அடைக்கும் நிலையத்தில்
தரப் பரிசோதகர் என்பது பதவி.
ஒருநாளும் விழுங்கியதில்லை.
துப்பியதெல்லாம் சேர்ந்தால்
மண்டைக்கல்லாறு ஒரு முழம் ஏறும்.

எந்த முட்டிக்குச் சுண்ணாம்பு கூடியது,
எவர் விடியமுன் தண்ணீர் விட்டார்,
எதில் நேற்றைய மண்டி கழுவாமல் கிடந்தது,
சொல்லிவிடுவேன்.
சொன்ன பிறகு சிலர் என்னோடு பேசுவதில்லை.
படிவத்தில் ஐந்து நிரல்:
நிறம், மணம், புளிப்பு, மதுசாரம், முடிவு.

சனிக்கிழமை, மத்தியானம் ஒரு மணி.
கடைசிப் பெட்டியும் ஏறி
தார்ப்பாய் கட்டிய லொறி வெளியில் நிற்கிறது.
சாரதி றெஜினோல்ட்
பழைய காற்சட்டைக்குள் சுருட்டிய ஒரு போத்தலை
மேசையில் வைத்தார்.

"தம்பி கனடாவில கறாச்சுக்குள்ள காய்ச்சினது.
பெல்ஜியக்காரற்ற முறையாம்.
உங்கட நாக்கு என்ன சொல்லுதெண்டு
கேட்டு விட்டிருக்கிறான்."

ஒட்டிய காகிதத்தில் பேனையால்: பத்தரை வீதம்.
எங்கள் கள்ளு ஆறைத் தொட்டாலே
முகாமையாளருக்கு வியர்க்கும்.

வேறு பாத்திரம் இல்லை, பீக்கரில் ஊற்றினேன்.
பால்தேத்தண்ணி நிறத்தில் நுரை,
இறங்க மனமில்லாமல் நின்றது.
யன்னலுக்கு எதிரே பிடித்தால்
நடுவெல்லாம் கறுப்பு,
விளிம்பில் மட்டும் றம்புட்டான் தோலின் சிவப்பு.
முகர்ந்தேன்.
தோல் கறுத்த வாழைப்பழம்.
அதன் முதுகில் ஒரு கராம்பு.
அதற்கும் பின்னால்
கேக்குக்கு ஊறப்போட்டு மறந்த பிளம்ஸ்.

துப்பும் பேசின் இடது கைப்பக்கம்.
குனிந்தேன்.
துப்பவில்லை.

காதின் பின்புறம் சுட்டது.
பாணின் கருகிய ஓரம், பிறகு ஒரு கைப்பு,
எல்லாவற்றுக்கும் அடியில்
நாக்கின் வேர்வரை போகும் கருகல் இனிப்பு.

"பனங்கட்டி" என்றேன். "எங்கட பக்கத்துப் பனங்கட்டி.
அடிப்பிடிக்க விட்டுக் காய்ச்சியிருக்கிறார்."
சத்தியம் செய்யவும் தயாராக இருந்தேன்.

றெஜினோல்ட் அழைப்பெடுத்தார்.
அங்கே விடிகாலை மூன்றரை.
இரவு வேலையில் இருந்தவன் எடுத்தான்.
"இல்லை அக்கா, அது பீற்றூட் சீனி,
கறுக்குமட்டும் காய்ச்சினது.
பனங்கட்டி போட்டுப் பாத்தனான். சரிவராது.
புகை மணம் தூக்கிப்போட்டுது."

பதினொரு வருடத்தில்
என் நாக்கு சொன்ன முதல் பிழை.
றெஜினோல்ட் சிரித்தார்.
"ஓட வேணும்" என்று உதட்டை மட்டும் நனைத்துவிட்டு
லொறியில் ஏறியும் சிரித்தார்.
பூநகரி தாண்டும்வரை சிரித்திருப்பார்.

நான் கதவைச் சாத்திக்கொண்டு
பிழைவிட்ட நாக்குக்கு மறுபடியும் கொடுத்தேன்.
கைச்சூடு ஏற ஏற
பீக்கருக்குள் இன்னொன்று திறந்தது.
புளியங்கோதின் துவர்ப்பு என்று தொடங்கி
அதுவும் இல்லை என்று அழித்தேன்.
பெயர் தெரியாத ஒரு சுவையோடு தனியே இருப்பது
புதுச் சைக்கிள் போல இருந்தது,
பிரேக் எங்கே என்று தெரியாமல்.

நிறம்: கறுப்பு. தீராதது.
மணம்: பல.
புளிப்பு: இல்லை.
மதுசாரம்: முழங்காலில் உறுதிப்படுத்தப்பட்டது.
முடிவு: ஏற்பு, நிராகரிப்பு, இரண்டிலொன்றை வெட்டுக.
இரண்டையும் வெட்டவில்லை.
அடிமட்டம் வைத்துப் பக்கத்தில் ஒரு நிரல் கீறினேன்.
தலைப்புப் போடவில்லை.

போத்தலின் அடியில்
அரை விரல் மண்டி கிடந்தது.
கழுவ எடுத்த கை நின்றது.
மதுவம்.
இவ்வளவு கடல் தாண்டியும்
உயிரோடு இருக்கக்கூடும்.

பனங்கட்டி ஒன்றைக் கொதிநீரில் கரைத்து,
ஆறவிட்டு, ஜாம் போத்தலில் வார்த்து,
அந்த மண்டியை மேலே சரித்தேன்.
வாயில் ஒரு றப்பர்க் கையுறையை இழுத்து மாட்டி
மாதிரிகள் வைக்கும் தட்டின் பின்னால் ஒளித்தேன்.
சரிவராது என்றவனுக்காக.
பிழை விட்ட எனக்காகவும்.

திங்கட்கிழமை காலை கதவைத் திறக்கிறேன்.
தட்டின் பின்னாலிருந்து
கையுறை எழுந்து நிற்கிறது,
ஐந்து விரலும் விரித்து.

சுற்றிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை.
நானும் கை காட்டினேன்.