குறை

பிரிவு பதினான்கு, மூன்றாம் வரி:
"ஒவ்வொரு வட்டின் குறையையும்
நாள்தோறும் பதிவு செய்ய வேண்டும்."
கீழே தெயோலிந்தாவின் கையெழுத்து,
பக்கத்தில் எங்கள் நிறுவனத்தின் முத்திரை.

குறை என்றதும்
நாங்கள் கட்டிக்கொடுத்தது ஒரு புகார்ப்பெட்டி.
விரிசலா, பூஞ்சையா, எலியா;
புகைப்படம் இணைக்க ஓர் இடம்;
பொறுப்பாளர் பெயர், கட்டாயம்.
அந்தச் சிவப்பு நட்சத்திரம் போட்டது நான்தான்.

மென்பொருள் ஓடிய முதல் இரவு
விடியும்முன்
ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு எச்சரிக்கைகள்.
தராசில் ஐந்து கிராம் இறங்கினாலும்
யாரோ பிய்த்துத் தின்றதாக எடுத்துக்கொண்டது.
சவோ ஜார்ஜ் தீவின் அந்தக் கிடங்கில்
குற்றமற்ற சீஸ் ஒன்றுகூட இல்லை.

தொலைபேசியில் அவள்:
"முற்றுவதற்கு யாரைப் பொறுப்பாக்குவது?
என் பெயரைப் போடவா,
கடவுள் பெயரைப் போடவா?"

ஃபவுஸ்டோ ஆவணத்தைத் திரையில் விரித்தான்.
"படித்துத்தான் கையெழுத்திட்டாள்.
மாற்றம் என்றால் தனிக் கட்டணம்."
படித்தாள்தான்.
நாங்களும் படித்தோம்,
ஒரே வரியை
கடலின் இரண்டு கரைகளில் நின்று.
அச்சுப்பிரதியில் அந்த ஒற்றைச் சொல்லைச் சுற்றிப்
பென்சிலால் வட்டம் போட்டேன்.
மே மாதமே போட்டிருக்க வேண்டிய வட்டம்.

மூடுபனி. விமானம் இரண்டு நாள் தாமதம்.
கிடங்கில் ஈரம், அமோனியா நெடி,
மங்கிப்போன கண்ணாடியைக் கழற்றி வைத்தேன்.
வட்டு ஒன்றைத் தராசில் ஏற்றினாள்.
வந்தபோது பத்துக் கிலோ, இப்போது ஒன்பதேகால்.
"தண்ணீர் போகிறது.
இன்றைக்கு எவ்வளவு போயிற்று?
நான் கேட்டது அவ்வளவுதான்."

அவ்வளவுதானா.
பயணச்சீட்டு விலை மனதில் ஓட
நோட்டில் எழுதினேன்:
மூன்று பக்கப் படிவம் வேண்டாம்,
ஓர் எண் போதும்.

பேனாவை மூடும்போதுதான் கேட்கத் தோன்றியது:
"அப்படியானால் எச்சரிக்கையே வேண்டாமா?"

விரல் முட்டியால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனவள்
ஏழாம் அடுக்கில் நின்றாள்.
பதினொரு நாளாக ஒரே எடை.
"இதற்கு அடியுங்கள் மணி.
குறையாததுதான் குறை."

திரும்பி வந்து
நிபந்தனையில் ஒரு குறியைத் திருப்பிப் போட்டேன்.
எட்டு மாத உழைப்பு
மறுபக்கம் புரண்டு படுத்தது.

கட்டணம் பற்றி ஃபவுஸ்டோ இன்னும் பேசுகிறான்.
அவனுக்கென்று வாங்கிவந்த துண்டு
தீவில் அரைக் கிலோ,
போர்ட்டோவில் நிறுத்தால் இருபது கிராம் காணோம்.
படிவம் நிரப்பச் சொல்லி
யாரும் கேட்கவில்லை.