காய்ச்சல் கட்டம்

இரவு ஷிப்டில் எனக்கு ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடித் துளை.
துளை வழியே முதலில் ஐசி வரும், அப்புறம் ஒரு வெள்ளி,
கடைசியாகத்தான் வலி.

"நெஞ்சு படபடங்குது" என்றார் செம்பனை லோரி ஓட்டும் குணாளன்.
ஈசிஜி ஒழுங்காகவே ஓடியது.
"வயிறு" என்றாள் கையுறை ஃபேக்டரிப் பெண்.
எந்த இடம் என்றதற்குத் தொண்டையைத் தொட்டாள்.
பதினாறு வயசுப் பையன் ஒன்றுமே சொல்லவில்லை.
பகாவ் புழுக்கத்தில் முழுக்கைச் சட்டை.
"காய்ச்சல்னு எழுதுங்கம்மா" என்றார் அவன் அப்பா.
எழுதினேன்.

மாதக் கணக்கு கேட்கிறது சிரம்பான்.
மனநலம் என்ற கட்டத்தில்
ஜனவரிக்கு நாலு, ஜூனுக்குப் பதினொன்று,
இந்த மாதம் இன்னும் முடியவில்லை.
எம்.ஏ. ஃபைசுல் கோட்டின்மேல் விரலை ஓட்டி
"ஏறுது காக்" என்கிறான்,
செம்பனை விலை சொல்வதுபோல்.
காய்ச்சலுக்குள் நான் ஒளித்தவை
அவன் கோட்டில் இல்லை.

மூன்று மணிக்கு ஓர் அம்மாள் வருவாள்.
தோட்டம் கைமாறியபின் அடுக்குமாடிக்கு வந்தவள்.
பதியமாட்டாள்.
"உள்ள நம்ம ஆளு இருக்காங்க" என்பாள்.
உள்ளே யாரும் இருந்ததில்லை.
விசிறிக்குக் கீழ் மூன்றாவது நாற்காலி,
முதல் பஸ் உறுமும்வரை.
அவளுக்குக் கட்டமே கிடையாது.

நேற்று பழைய பக்கம் புரட்டி
அந்தப் பையன் பெயரைக் கண்டுபிடித்தேன்.
காய்ச்சலை ஒரு கோட்டால் அடித்தேன்.
பக்கத்தில் என்ன எழுதுவது,
மலாயிலா, தமிழிலா,
பேனா நின்றுகொண்டிருக்கிறது,
துளைக்குள் நீள்கிறது
ஈரக் கை ஒன்றில் அடுத்த ஐசி.