உதட்டளவு

ஆல்டோனாவில் எங்கள் கடைக்குள் வந்தபோது
வீப்கே ஹார்ம்ஸின் மழைக்கோட்டிலிருந்து
எல்பே நதி சொட்டிக்கொண்டிருந்தது.
படகுத்துறையில் கயிறு வீசுகிறவள், வயது இருபத்தாறு.
வாங்கப்போகும் முதல் ஆம்ப்ளிஃபயர்.

முதலாளி டெட்லெஃப் வழக்கம்போல்
தூக்கிப் பார்க்கச் சொன்னார்.
முப்பத்தோரு கிலோ.
கனம்தான் எங்கள் கடையின் முதல் வாதம்.
பிறகுதான் விலை அட்டை:
ஒன்பதாயிரத்து எண்ணூறு யூரோ.
பின்னறையில் சாலிடர் வைத்துக்கொண்டிருந்த எனக்கே
அவள் விட்ட மூச்சு கேட்டது.

"பத்து மாத வாடகை" என்றாள்.
"ஆயுளுக்கும் உழைக்கும்" என்றார்.
"இதை வாங்கினால்
நானும்தான் ஆயுளுக்கும் உழைப்பேன்."

அவர் தொலைபேசியை எடுக்கப் போன இடைவெளியில்
என் வாசலில் வந்து நின்றாள்.
உள்ளே என்னதான் இருக்கிறது?

பழுதுக்கு வந்த அதே மாடல் மேசையில் கிடந்தது.
பத்துத் திருகாணி. மூடியைத் தூக்கினேன்.
ஊறுகாய் ஜாடி அளவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர்,
நான்கு கெப்பாசிட்டர்,
பச்சைப் பலகையில் யாரோ ஒருவருடைய
பொறுமையான சாயங்காலங்கள்.
மீதி, காற்று.
"காற்றுக்கும் சேர்த்தா?" என்றாள். சிரிக்கவில்லை.

சொல்லக் கூடாதுதான், சொன்னேன்:
பாகங்களுக்கு ஆயிரத்துச் சொச்சம்.
அதில் முகப்பு அலுமினியம் மட்டும் முந்நூறு,
அது பாடாது.
பிறகு இந்தத் தரைவிரிப்பு, அந்த இலவசக் காபி,
விற்காமல் தூங்கும் போன வருடப் பெட்டிகள்.
பழைய வாடிக்கையாளர் பேரம் பேசிக் குறைத்துக்கொண்டு போவார்;
அவர் குறைத்ததைப்
பேரம் தெரியாமல் புதிதாக வருகிறவர் கட்டுவார்.

நானும் முழு யோக்கியன் இல்லை.
இதற்கு முந்தைய மாடலை
மூன்று வருடத் தவணையில் வாங்கியவன்.
கடைசித் தவணை கட்டிய இரவு
செல்லோவின் மரம் முனகுவதைக் கேட்டேன்.
சத்தியமாய்க் கேட்டேன்.
கேட்டது காதா, கட்டிய காசா,
இன்றுவரை பிரித்தறிய முடியவில்லை.

கம்பளிக் குல்லாயைக் கண்வரை இழுத்துவிட்டு
நாற்காலியில் உட்கார்ந்தாள்.
"எது எதென்று சொல்லாதீர்கள்."
அறுநூறு யூரோப் பெட்டியைப் போட்டேன்.
பிறகு யானை விலைப் பெட்டி.
மறுபடி மாற்றி, மறுபடி மாற்றி.
அவள் தோற்க வேண்டும் என்று
எதற்காக வேண்டிக்கொண்டேன், தெரியாது.

ஐந்தாம் முறை கையை உயர்த்தினாள்.
"இதில் மட்டும், பாடுவதற்கு முன்
அந்தப் பெண் உதட்டைப் பிரிக்கிறாள்."

சரிதான். யானைதான்.

குல்லாயை ஏற்றிவிட்டுக்கொண்டு
வெகுநேரம் விலை அட்டையைப் பார்த்தாள்.
"வித்தியாசம் இருக்கிறது. பொய்யில்லை.
உதட்டளவு.
ஒன்பதாயிரத்து இருநூறு யூரோவுக்கு
ஒரு ஜோடி உதடு பிரிகிறது."

அறுநூறை நோட்டாக எண்ணி வைத்தாள்,
இரண்டு நோட்டில் ஈரம்.
பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்,
கயிற்றுச் சுருளை ஏற்றுகிறவளின் லாவகம்.

"திரும்பி வருவாள்" என்றார் டெட்லெஃப்,
"ஒரு தடவை கேட்ட காது."
மூடியைப் பூட்டிக்கொண்டிருந்தேன்,
பத்தில் ஒரு திருகாணியைக் காணோம்.
வருவாள் என்றுதான்
எனக்கும் பயமாக இருக்கிறது.