கேட்டால் மட்டும் நிற்கும்

ஒன்றுவிட்ட சனிக்கிழமைகளில் வருவார்கள்.
நார்விச்சில் எட்டு முப்பத்தாறு, கடைசிப் பெட்டி,
இடப்பக்க ஜன்னல்.
அப்பா டங்கன். விரல் கணுக்களில் காய்ந்த வெள்ளை பெயின்ட்.
மகள் பிரையனி. ஒன்பது வயதென்று
நான் கேட்காமலே சொன்னாள்,
அரை டிக்கெட்டுக்கு அத்தாட்சி போல.

நான் கார்டு. அவர்களிடம் இருப்பது நாள் டிக்கெட்:
நார்ஃபோக் மாவட்டம் முழுக்க
எங்கும் ஏறலாம், எங்கும் இறங்கலாம்.
டங்கனுக்குக் கிடைத்த நாளும் அப்படித்தான்,
எட்டுக்குக் கூட்டிப் போய்
ஆறுக்கு ஒப்படைக்க வேண்டும்.
சலூனுக்கு மேலே ஓர் அறை வைத்திருக்கிறார்.
எதிரெதிரே உட்கார்ந்தால் முழங்கால் இடிக்குமாம்.
ரயிலிலும் இடிக்கிறது. ஆனால்
ரயிலில் அதை யாரும் குறையாக எண்ணுவதில்லை.

குரோமரில் பாலத்து விளிம்பிலிருந்து நண்டு பிடித்தார்கள்,
கயிற்று நுனியில் பன்றிக்கறித் துண்டு கட்டி.
பதினேழு என்றாள். எல்லாவற்றையும் திரும்ப விட்டோம்.
ஷெரிங்ஹாமில் மழை;
சிப்ஸ் பொட்டலத்தோடு உட்கார்ந்தவர்களிடம்
கடற்காகம் மரியாதை பார்க்கவில்லை.
வொர்ஸ்டெடில் முயலைப் பார்த்ததையும்
அதனால் அடுத்த வண்டியை விட்டதையும்
ஒரே மூச்சில் சொல்வாள்.
கேன்ட்லி சர்க்கரை ஆலையில் பீட் வேகும் வாடை
பெட்டிக்குள் வந்ததும்
இருவரும் ஒரே நொடியில் மூக்கைப் பொத்துவார்கள்.
ஒரே மூக்கு. யார் பார்த்தாலும் தெரியும்.

ரீடம் தாண்டினால் ஒற்றைத் தடம்.
சதுப்பு, வாய்க்கால், மறுபடி சதுப்பு,
ஓடாத ஒரு காற்றாலை.
நடுவில் பெர்னி ஆர்ம்ஸ்.
சாலை கிடையாது. ஒரு கதவு அகலத்துக்கு நடைமேடை.
வெளியே நிற்பவர் கை நீட்ட வேண்டும்,
உள்ளே இருப்பவர் என்னிடம் சொல்ல வேண்டும்.
இல்லையென்றால் வண்டி அதைக் கண்டுகொள்ளாது.

இதை அவளுக்கு விளக்கியது என் தவறுதான்.
"யார் கேட்டாலும் நிற்குமா?"
"யார் கேட்டாலும்."
"சின்னவங்க கேட்டாலும்?"
விதிப்புத்தகத்தில் வயது போடவில்லை என்றேன்.

அக்டோபர் கடைசிச் சனி.
மறுநாள் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளுவார்கள்.
யார்மத்திலிருந்து திரும்பும் வண்டி,
டங்கன் கண்ணாடியில் நெற்றி சாய்த்துத் தூங்கியிருந்தார்.
இருக்கை இருக்கையாய்ப் பிடித்துக்கொண்டு
அவள் மட்டும் நடந்து வந்தாள்.
"பெர்னி ஆர்ம்ஸ், ப்ளீஸ்."

ஓட்டுநர் மார்னியிடம் சொன்னேன். நின்றது.
கதவு திறக்க, நாணல் சத்தம் முதலில் ஏறியது,
பின்னால் சேறும் உப்பும் கலந்த குளிர்.
அவள் இறங்கவில்லை.
மஞ்சள் கோட்டில் ஷூ நுனிகளைச் சரிபார்த்து வைத்து
நின்றாள்.
"இறங்கலையா?"
"இல்லை. நிற்குமான்னு பார்த்தேன்."

திட்டியிருக்க வேண்டும்.
லண்டன் வண்டியைப் பிடிக்க வேண்டிய ஒருவர்
கைக்கடிகாரத்தை எனக்குக் காட்டினார்.
டங்கன் விழித்து, பதறி ஓடிவந்து,
மன்னிப்பைத் தொடங்கி, பாதியில் விட்டு,
அவள் பக்கத்தில் கோட்டுக்கு இந்தப்புறம் நின்றார்.
மூவரும் வெளியே பார்த்தோம். பார்க்க ஒன்றுமில்லை.
ஒரு நாரை பறக்கலாமா என்று யோசித்து
வேண்டாமென்று விட்டது.

"போகலாம்" என்று அவள்தான் சொன்னாள்.

இரண்டு நிமிடத் தாமதம். காரணம் எழுத வேண்டும்.
பட்டியலில் சிக்னல் கோளாறு உண்டு,
தண்டவாளத்தில் மாடு உண்டு, ஈர இலை உண்டு.
எதிலும் சேராமல் கீழே எழுதினேன்:
பயணி கேட்டார்.

நார்விச் நடைமேடையில் அவள் அம்மா,
கையில் கார் சாவி.
"வண்டி லேட்" என்றார் டங்கன்.
"நான்தான் நிறுத்தினேன்" என்றாள் பிரையனி.
அதற்கு அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று
கேட்டுக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை.
லோஸ்டாஃப்ட் வண்டிக்கு ஆள் ஏறத் தொடங்கியிருந்தது.